வெயிலில் வரும் வெள்ளம்

*அருவியில் நாம் குளிக்கிறோம். மலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?*

2024 மே 17, வெள்ளிக்கிழமை பிற்பகல். பழைய குற்றாலம். சாரல் காலம் இன்னும் தொடங்கவில்லை. கோடை மழையில் அருவி விழுகிறது என்று கேள்விப்பட்டு, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்த கூட்டம். அதன்பிறகு நடந்ததைக் கைப்பேசிகள் பதிவு செய்தன. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாறையில் வழிந்துகொண்டிருந்த தண்ணீர் கண்ணெதிரே பெருகுகிறது, நிறம் மாறுகிறது, பாறையே தெரியாதபடி பழுப்பாய்ப் பொங்கி இறங்குகிறது. ஈரத் துணியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். ஓடுகிற வழியிலும் தண்ணீர். எல்லோரும் கரையேறிவிட்டார்கள் என்று நினைத்தபோது ஒரு பையனைக் காணவில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்த 17 வயது மாணவன். தேடிப்போனவர்களுக்குச் சடலம்தான் கிடைத்தது.

ஆறு வாரம் கழித்து, ஜூன் 30 அன்று, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் புஷி அணைக்குப் பின்னாலுள்ள அருவியில் இன்னொரு குடும்பம். நடு ஓடையில் ஒரு பாறை. நாலாபுறமும் தண்ணீர் ஏற ஏற, பெரியவர்களும் குழந்தைகளும் ஒருவரையொருவர் இறுகக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கரையில் நிற்பவர்கள் கூச்சலிடுகிறார்கள். பிறகு பாறையில் யாரும் இல்லை. குழந்தைகள் உட்பட ஐந்து பேர் இறந்தார்கள்.

இரண்டுமே பேர்போன இடங்கள். பேருந்து போகும், கடைகள் உண்டு, கூப்பிட்டால் ஓடிவர ஆளுண்டு. அங்கேயே இப்படி. இப்போது நம் இளைஞர்கள் வார இறுதியில் தேடிப் போவது பேர் தெரியாத அருவிகளை. ரீல்ஸில் முப்பது விநாடி பார்த்துவிட்டு, லொகேஷன் வாங்கிக்கொண்டு, இரண்டு மணி நேரம் காட்டில் நடந்து, ஒரு கசத்தின் ஓரத்தில் சட்டையைக் கழற்றுகிறார்கள். அங்கே கைப்பிடிக் கம்பி கிடையாது. போலீஸ்காரரின் விசில் கிடையாது. ‘இன்று குளிக்கத் தடை’ என்ற பலகைகூடக் கிடையாது.

ஆர்ச் சொல்லும் சேதி

குற்றாலம் பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு இருக்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது ‘ஆர்ச்’. தண்ணீர் ஆர்ச்சைத் தொட்டு விழ ஆரம்பித்துவிட்டால் குளிக்க விடமாட்டார்கள். விஞ்ஞானம் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் எந்த அளவு வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று யாரோ அனுபவத்தில் கண்டு வைத்த கோடு அது. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க ஒரு ஆளும் இருக்கிறார்.

ஒகேனக்கல்லில் ஏற்பாடு இன்னும் விரிவானது. கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் மதகு திறந்தால் அந்தத் தண்ணீர் வந்து சேர நேரமாகும். தமிழக எல்லையில் பிலிகுண்டுலுவில் அதை அளந்து, விநாடிக்கு இத்தனை கனஅடி என்று அறிவிக்கிறார்கள். ஒரு கனஅடி என்பது 28 லிட்டர் சொச்சம். 2024-ல் நீர்வரத்து லட்சம் கனஅடியைத் தாண்டியபோது குளியலுக்கும் பரிசலுக்கும் நாள்கணக்கில் தடை நீடித்தது. அத்தனை பெரிய வெள்ளம் வந்தும், அது வருவது முன்கூட்டியே தெரிந்திருந்தது.

சின்ன ஓடை அப்படியில்லை. அதன் நீர்பிடிப்புப் பகுதி சில சதுர கிலோமீட்டர்தான். சரிவு செங்குத்து. அடியில் பாறை, உறிஞ்ச மண்ணில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் ஒரு மேகம் அரைமணி நேரம் கொட்டினால் போதும், சற்று நேரத்திலேயே அருவி பெருத்துவிடும். அடிவாரத்தில் அப்போது நல்ல வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கலாம். குளிக்கிறவர் தலைக்குமேல் வானம் வெளுத்திருப்பதை நம்பி நிற்பார். அவருடைய தலையெழுத்தை முடிவு செய்கிற வானம் வேறொன்று, அது மலைக்குப் பின்னால் இருக்கிறது.

முழங்கால் அளவுதானே என்ற நினைப்பு அடுத்தது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகமாக ஓடும் ஓடையில் முழங்கால் ஆழமே பெரியவர் ஒருவரின் காலை வாரிவிடும். கீழே பாறையும் பாசியும் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கூட்டமாகப் போகிறவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் ஒன்றே. ஒருவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஓடையின் மேல்பகுதி தெரிகிற இடத்தில், கையில் விசிலோடு அவர் நிற்க வேண்டும். விசில் எதற்கென்றால், அருவி இரைச்சலில் மனிதக் குரல் பத்தடி தாண்டாது. அரைமணிக்கொரு முறை ஆள் மாறிக்கொள்ளலாம். “நீ மட்டும் குளிக்காமல் என்ன பண்ணுகிறாய்?” என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

---
பெட்டிச் செய்தி: தண்ணீர் ஏறப்போகிறது என்பதற்கு அடையாளம்

▪ தெளிவாக இருந்த தண்ணீர் கலங்குவது. தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டால் யோசிக்கவே கூடாது.

▪ சருகு, சுள்ளி, பச்சை இலைக்கொத்து மிதந்து வருவது. பச்சை இலை என்றால் மேலே எங்கோ கரை அறுக்கப்படுகிறது.

▪ இரைச்சல் மாறுவது. சலசலப்புக்கு அடியில் கனத்த உறுமல் கேட்கும். கற்கள் உருளும் சத்தமும் சேர்ந்திருக்கும்.

▪ சற்றுமுன் தெரிந்த பாறை முனை இப்போது தெரியாமல் போவது. வந்ததும் ஒரு பாறையைக் குறி வைத்துக்கொள்ளுங்கள்.

▪ மலைமுகட்டில் கருமை, தூரத்து இடி.

இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் ஓடையின் போக்கில் கீழ்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில், மேட்டில் ஏறுங்கள். செருப்பு, பை, போன் எதற்காகவும் திரும்ப வேண்டாம். எதிர்க்கரையில் மாட்டிக்கொண்டால் ஓடையைக் கடக்க முயலாமல் அங்கேயே உயரத்தில் உட்கார்ந்திருங்கள். வேகமாக ஏறிய தண்ணீர் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.
---

கசத்துக்குள் என்ன இருக்கிறது?

நம் ஊரில் அருவிக்குப் போவது என்றால் அருவிக்கு அடியில் நிற்பது. தலையில் அடி வாங்கி, முதுகைக் காட்டி, எண்ணெய்க் குளியல் போட்டு, பசியோடு திரும்புவது. நீந்துவது அதில் சேர்த்தியே இல்லை. தலைகீழாகக் குதிப்பதும், கசத்தின் நடுவில் மிதந்தபடி படமெடுத்துக்கொள்வதும் அண்மைக் காலத்தில் வந்த ஆசைகள். கிணற்றில் நீந்திப் பழகியவர்களுக்குக்கூட அருவிக் கசம் புதிய தண்ணீர்.

அருவி நேராக விழுகிற இடத்தில் தண்ணீர் நுரைத்து வெளுத்திருக்கும். அந்த நுரையில் பெரும்பங்கு காற்று. காற்று கலந்த தண்ணீர் உடலைத் தாங்காது. ஊர்க் கிணற்றில் மணிக்கணக்கில் மிதக்கிறவரும் அங்கே அமிழ்ந்துபோவார். கையைக் காலை உதைத்தால் சோப்பு நுரையை மிதிப்பது மாதிரித்தான் இருக்கும். கூடவே, மேலிருந்து விழும் தண்ணீர் அடிவரை போய், சுழன்று, மறுபடி அருவியின் அடிக்கே திரும்புகிறது. அந்தச் சுழலில் அகப்பட்டவரை அது வெளியே தள்ளாமல் உள்ளேயே உருட்டிக்கொண்டிருக்கும். வெள்ளையாகத் தெரிகிற பகுதிக்குள் நீந்தவே கூடாது. அருவி சிறியதாயிற்றே என்ற சமாதானமும் வேண்டாம்.

ஆழம் கண்ணை ஏமாற்றும். ஒளி விலகலால் 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகத் தெரியும். நீந்தத் தெரியாதவர் நிற்கலாம் என்று நினைத்து இறங்குகிற இடம் அவர் தலைக்குமேல் போகும். குதிப்பவருக்கு ஆபத்து வேறுவிதம். போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த மழையில் ஒரு பாறை உருண்டு வந்து உட்கார்ந்திருக்கலாம். 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, குதிப்பவர் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீரைத் தொடுகிறார். தலை முதலில் போய்ப் பாறையில் மோதினால் கழுத்தெலும்பு முறிந்து, உயிர் பிழைத்தாலும் கழுத்துக்குக் கீழே உணர்வில்லாமல் போய்விடக்கூடும். முதல் தடவை இறங்கும்போது கால் முதலில், நடந்து, மெதுவாக. கழியால் ஆழம் பார்த்த பிறகே நீச்சல்.

ஒடுக்கமான பாறை இடுக்குகளில் கால் மாட்டிக்கொள்வது இன்னொன்று. ஓட்டம் இழுக்கும்போது எழுந்து நிற்க முயன்றால்தான் இது நேர்கிறது. அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து படுத்து, பாதங்களை முன்னால் மேற்பரப்பில் நீட்டி, எதிர்வரும் பாறையை உதைத்துத் தள்ளி, கரையை நோக்கிச் சாய்வாகக் கையை வீச வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து நீந்தி ஜெயித்தவர்கள் குறைவு.

மேலிருந்து விழுவது தண்ணீர் மட்டுமா? ஹவாயின் ஓவாஹு தீவில் ‘சேக்ரட் ஃபால்ஸ்’ என்றொரு அருவி. குறுகலான பள்ளத்தாக்கின் கோடியில் இருக்கிறது. 1999 மே 9 அன்று, அங்கே அன்னையர் தினக் கூட்டம் குளித்துக்கொண்டிருந்தபோது செங்குத்துச் சுவரிலிருந்து பாறைகள் பெயர்ந்து விழுந்தன. எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த வழியை அதன்பிறகு அரசு திறக்கவே இல்லை. 20 மீட்டர் உயரத்திலிருந்து உருண்டு விழும் கூழாங்கல்லே மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் எடுக்கும். மழை பெய்த மறுநாள் அருவிக்கு நேர் அடியில் நிற்கும் ஆசையைத் தள்ளிவைப்பது நல்லது.

விளிம்பில் ஒரு படம்

2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் புல்லாவெளி அருவியில், விளிம்புப் பாறையில் படத்துக்கு நின்ற இளைஞர் வழுக்கி விழுந்தார். அவர் விழுவதை உடன் வந்தவரின் போன் பதிவு செய்தது. அந்தக் காட்சியைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. அதன்பிறகும் விளிம்பில் நிற்பவர்கள் குறைந்தபாடில்லை.

இலங்கையில் பதுளை மாவட்டத்தின் தியலும நீர்வீழ்ச்சி 220 மீட்டர் உயரம். அதன் உச்சியில் இயற்கையாக அமைந்த குளங்கள் உண்டு. பயணிகள் அவற்றில் இறங்கி, விளிம்பில் கையூன்றி, கீழே பள்ளத்தாக்கு தெரியும்படி படமெடுத்துக்கொள்கிறார்கள். வறண்ட மாதங்களில் அது அமைதியான குளம். மேலே மழை பெய்தால் அதே குளத்தின் தண்ணீர் முழுக்க அந்த விளிம்பை நோக்கித்தான் இழுக்கும்.

ஈரப் பாறையில் வழுக்குவது பாசியால் மட்டும் இல்லை. எண்ணெயும் சோப்பும் ஷாம்புவும் பாறையில் படிகின்றன. குற்றாலத்தில் அவற்றுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்ததை நாம் சுற்றுச்சூழல் விஷயமாகவே பேசுகிறோம். அடுத்து வருகிறவரின் காலுக்கும் அந்தத் தடை காவல். கருத்துப் பளபளக்கும் பாறையில் கால் வைக்காதீர்கள், சொரசொரப்பாக வெளுத்த பாறையில் வையுங்கள். செருப்பைவிட, பிடிமானமுள்ள பழைய கேன்வாஸ் ஷூ நல்லது.

மது பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பாட்டில் உடைந்து கிடக்காத கசத்தைக் காண்பது அரிதாகிவிட்டது என்பதே போதும். குடித்தவர் தண்ணீரில் இறங்குவதைத் தடுக்க வேண்டியவர்கள் உடன் வந்தவர்கள்தான், அவர்களும் குடித்திருக்கிறார்கள்.

தூக்கி வர எத்தனை பேர்?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு வந்தால், அங்கிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். போகும்போது இறக்கம், சிரமமே தெரியாது. குளித்துக் களைத்து, ஈரத்துணியோடு, உச்சி வெயிலில் ஏறும்போதுதான் நெஞ்சு அடைக்கும். தொலைதூர அருவிகள் பலவற்றின் சங்கதி இதுதான். எளிய பாதி முதலில் வந்துவிடுகிறது. இதய நோய் உள்ளவர்களும், முழங்கால் வலிக்காரர்களும் இறங்குவதற்கு முன்பே ஏற்றத்தைக் கணக்கிட வேண்டும். குளித்து முடித்த பிறகும் சக்தியில் பாதியாவது திரும்புவதற்கு மிச்சமிருக்க வேண்டும்.

படி உள்ள இடத்திலேயே இப்படியென்றால், ஒற்றையடிப் பாதையில் காலொடிந்தவரைத் தூக்கி வருவதை நினைத்துப் பாருங்கள். நால்வர் மாற்றி மாற்றிச் சுமந்தாலும் ஒரு மணி நேர நடை மூன்று மணி நேரமாகும். 108 வண்டி தார்ச்சாலை வரைதான் வரும். போன் எடுக்காது. நடந்து போகும்போதே, கடைசியாக எந்த இடத்தில் சிக்னல் இருந்தது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் ஒருவர் ஓட வேண்டியது அந்த இடத்துக்கு. வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினாலும் 112 கிடைக்க வாய்ப்புண்டு. ஜி.பி.எஸ். டேட்டா இல்லாமலும் வேலை செய்யும். எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அடிவாரத்து டீக்கடைக்காரரிடமாவது சொல்லிவிட்டுப் போகலாம். நேரமாகியும் ஆள் வரவில்லை என்று முதலில் கவனிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

மாலை நான்கு மணிக்குமேல் காட்டு அருவியில் இருக்கக் கூடாது. அது விலங்குகளின் நேரம். தேனி மாவட்டம் சுருளி அருவியையே யானை நடமாட்டத்தால் அவ்வப்போது மூடுகிறார்கள்.

---
பெட்டிச் செய்தி: ஒருவர் மூழ்கினால்

▪ மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்தமாட்டார். வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும், தலை பின்னால் சாயும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும். சத்தமே இருக்காது.

▪ காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து இறப்பது அடிக்கடி நடக்கிறது. முதலில் எட்டிக் கொடுங்கள்: கழி, கிளை, முறுக்கிய வேட்டி. ஒரு புடவை ஐந்தரை மீட்டர், நல்ல கயிறு. மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் மிதவையாகும்.

▪ கரையேற்றியபின் தலைகீழாகத் தொங்கவிடுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் கூடாது. பொன்னான நிமிடங்கள் வீணாகும், வயிற்றிலிருந்து வருவது நுரையீரலுக்குள் போகும்.

▪ மூச்சில்லை என்றால் மல்லாத்தி, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, முதலில் இரண்டு முதல் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று.

▪ பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று மாறி மாறி. அழுத்தம் 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள்.

▪ எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம்.
---

வீடு திரும்பிய பிறகு

2000-ல் மலேசியாவின் சபா மாநிலத்தில் ‘ஈகோ-சேலஞ்ச்’ என்ற சாகசப் போட்டி நடந்தது. பல நாடுகளிலிருந்து வந்த நல்ல திடகாத்திரமான வீரர்கள். சொந்த ஊர் திரும்பிய பிறகு பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்கு எலிக்காய்ச்சல் என்று பிறகு தெரியவந்தது. எலி உள்ளிட்ட விலங்குகளின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, தோலில் உள்ள கீறல் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் கிருமி ஏறுகிறது. மழை வெள்ளத்துக்குப் பின் இது கூடும். குளித்துவிட்டு வந்த நான்கு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால், மருத்துவரிடம் அருவியில் குளித்ததைச் சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார். ஆரம்பத்திலேயே பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும்; விட்டால் சிறுநீரகம் வரை போகும்.

அட்டையைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது ரத்தம் குடித்துவிட்டு உதிர்ந்துவிடும். நகத்தால் நெம்பி எடுத்துக் கழுவினால் போதும்.

தடை யாரைத் தடுக்கிறது?

ஒவ்வொரு விபத்துக்கும் அரசின் முதல் பதில் தடை. தண்ணீர் பெருகும் நேரத்தில் அது சரியான பதில்தான். அதில் வாதமே இல்லை. ஆனால் நாள்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் நீளும் தடைக்கு வேறு விளைவுகள் உண்டு. சீசன் வருமானத்தை நம்பி வருடத்தை ஓட்டும் குற்றாலத்து லாட்ஜ்காரர், மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவர், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர், ஆட்டோ ஓட்டுநர், ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் பெண்கள், பரிசல் ஓட்டிகள் எல்லோருக்கும் அன்றைக்குக் கூலியில்லை. இவர்கள்தான் வழக்கமாக, “தம்பி, அங்கே போகாதே” என்று சொல்கிறவர்கள். சுழி எங்கே இருக்கிறது, எந்தப் பாறை வழுக்கும் என்று தெரிந்தவர்கள் இவர்கள்.

வந்த கூட்டமோ வீட்டுக்குத் திரும்புவதில்லை. சென்னையிலிருந்து எட்டு மணி நேரம் வண்டியோட்டி வந்தவர்கள் தடைப் பலகையைப் பார்த்ததும் போனை எடுத்து, பக்கத்தில் வேறென்ன அருவி இருக்கிறது என்று தேடுகிறார்கள். தண்ணீர் பெருகிய அதே மழைநாளில், காவலில்லாத ஓடையில் இறங்குகிறார்கள். அது காப்புக்காடாக இருந்தால் அத்துமீறி நுழைந்த குற்றமும் சேர்கிறது. விபத்து நடந்தால் வழக்குக்குப் பயந்து தகவல் சொல்லத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் போகும் நேரம்தான் உயிரின் விலை.

மலையேற்றத்தில் நமக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளை வனத்துறை திறந்துவிட்டது. முன்பதிவு, கட்டணம், கூடவே பழங்குடி மற்றும் வனத்தையொட்டிய கிராமங்களைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டி. மூடியே வைப்பதற்கும், அவரவர் பாடு என்று விட்டுவிடுவதற்கும் நடுவே ஒரு வழி உண்டு என்று காட்டிய ஏற்பாடு அது. காட்டு அருவிகளுக்கு இதை நீட்டிப்பதில் என்ன தடை?

தேவைப்படுவது பெரிய கட்டுமானமல்ல. ஓடையின் மேல்பகுதியில் நீர்மட்டம் காட்டும் கருவி, கீழே அதோடு இணைந்த சைரன், மீட்புக் கயிறும் மிதவையும், மழை மாதங்களுக்கு உள்ளூர் இளைஞர்கள் நான்கு பேருக்குச் சம்பளமும் முதலுதவிப் பயிற்சியும். எச்சரிக்கைப் பலகையை அருவி ஓரத்தில் நடுவதைவிட, தார்ச்சாலையிலிருந்து பாதை பிரிகிற இடத்தில் நடலாம். இரண்டு மணி நேரம் நடந்து களைத்தவர் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பப்போவதில்லை. பணம் எங்கே என்ற கேள்வி வரும். பல அருவிகளில் நுழைவுக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் இப்போதே வசூலாகின்றன. அதில் எத்தனை ரூபாய் பாதுகாப்புக்குப் போகிறது என்று அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அந்தந்த ஊர்க்காரர்கள் கேட்கலாம்.